எதிர்பார்த்தது பூஜ்யம், கிடைத்தது ஒன்று

கணினியில் ஓடவிட்ட நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் நானூற்றுப் பதினொன்று பச்சையாக வந்துவிட்டன. ஒன்று மட்டும் சிவப்பு.

வேறு எது சிவந்திருந்தாலும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இருமலும் பேச்சும் கலந்த அறை, மூன்று பேர் தூங்கும் அறை, ஜன்னலோரம் ரயில் போகும் அறை என்று தகராறு செய்யக்கூடிய சோதனைகள் எத்தனையோ இருந்தன. சிவந்து நின்றதோ வரிசையில் முதல் சோதனை. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட முகம் சுளிக்காதது. அதன் பெயர் ‘வெற்று அறை’. பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி.

எதிர்பார்த்தது பூஜ்யம். கிடைத்தது ஒன்று.

மணி இரண்டே முக்கால். காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு பாதி அவளுடைய அலுவலகம். மறுபாதியில் மத்தியானம் சாப்பிட்ட தட்டு கழுவாமல் காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலி முதுகுகளில் எல்லாம் உலராத துணி. ஈரத்துணியின் புளித்த வாடையும், அதற்கு மேல் ஆவி பிடிக்கும் மருந்தின் கசப்பான நெடியும் வீடு முழுக்கப் படிந்திருந்தன. ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே மூச்சோடு மெல்லிய விசில் ஒன்று சேர்ந்து வரும். அதனால் அப்பா வைத்த செல்லப்பெயர் சில்வண்டு. இளைப்பு வந்த நாட்களில் அந்த விசில் அறை தாண்டிக் கேட்கும். நேற்று ராத்திரி தெருவரை கேட்டிருக்கும்.

மேஜை நடுவில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. அதன் மைக் மகளின் கட்டில் தலைமாட்டில் இருந்தது. அந்த அறையில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று பெட்டி பச்சை எழுத்தில் காட்டும். ஒன்று என்று இருந்தால் நிம்மதி. பூஜ்யமாகிப் பத்து விநாடி தாண்டினால் வீடே இடிந்து விழுகிற மாதிரி அலறும். போன மாதம் மைக் ஒயர் நழுவி அலறியபோது ஓடிய ஓட்டத்தில் அவள் கால் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது.

பெட்டிக்குள் ஓடுவது ஒரு நிரல். மூச்செண்ணி என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கருவியில் பொருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்த லைப்ரரி. எழுதியது அவளும் அவள் கணவனும். அதைக் காட்டிப் பெட்டி விற்கும் நிறுவனத்தில் வேலை வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது அவன். அதை வருடாவருடம் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது இவள்.

சாகவிடாமல் என்பது சும்மா சொல்வதில்லை. நிரல் எழுதும் மொழிக்கு வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். நேற்றுவரை செல்லுபடியான சொற்கள் அதில் செல்லாது. பழைய வழக்கங்களைத் தூக்கிவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் புதிய பதிப்புக்கு ஏற்ற மாதிரி ஒட்டுப்போட வேண்டும். போடாவிட்டால், தொட்டில்களுக்குப் பக்கத்திலும் நோயாளிகளின் தலைமாட்டிலும் இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒருநாள் காது கேட்காமல் போய்விடும். நன்றி என்று யாரும் எழுதியதில்லை. ஏன் இன்னும் முடியவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

தூங்கப்போகும் முன் சில்வண்டு கரடிபொம்மையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு, பெட்டி தப்பாக எண்ணுகிறது என்று சண்டைக்கு வந்திருந்தாள்.

“ரெண்டுன்னு காட்டச் சொல்லும்மா. கரடியும் இருக்குல்ல.”

“கரடி மூச்சு விடாதுடி.”

“நீ காது வெச்சுக் கேட்டதே இல்ல.”

கேட்டதில்லைதான். மடிக்கணினியில் புதிய பதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துவிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

‘வெற்று அறை’ என்பது நாற்பது விநாடி ஒலிப்பதிவு. கல்யாணமாகி இரண்டாவது மாதம், வாடகைக்கு இருந்த மாடிவீட்டின் உள் அறையில் எடுத்தது. ஜன்னலைச் சாத்தி, மைக்கைக் கட்டிலின் நடுவில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முப்பத்தோராவது விநாடியில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான். கதவைத் தாண்டிப்போன அந்த அமுங்கிய சிரிப்பு பதிவில் இன்னும் இருக்கிறது. அந்த நாற்பது விநாடியும் அறைக்குள் யாரும் இல்லை என்பதற்கு உலகத்தில் இரண்டே இரண்டு சாட்சிகள்.

அதற்குத்தான் ஒன்று என்கிறது.

மூன்று மணிக்குக் கணவன் போனில் கூப்பிட்டான். காலையிலிருந்து நான்காவது தடவை. முடிந்ததா என்றான். ‘வெற்று அறை’ சிவந்திருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தாள், அவனுக்கு அந்தக் கதவும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வருமோ என்று. அவனுக்கு வந்தது வேறு. புதிய பதிப்பில் பின்னங்களைக் கணக்கிடும் முறையை லேசாக மாற்றியிருக்கிறார்கள், அரைக்குப் பக்கத்தில் நின்றது மேல்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான் என்றான்.

அதை அவளும் பார்த்திருந்தாள். மூச்செண்ணி முதலில் ஒரு பின்னத்தைக் கணக்கிட்டு, பிறகுதான் முழு எண்ணாக்கும். இன்று காலை பழைய பதிப்பில் அந்தப் பின்னம் 0.48, பூஜ்யமாக இறங்கிவிட்டது. புதிய பதிப்பில் 0.51. ஏறிவிட்டது. அவளை உறுத்தியது அது இல்லை. பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, முதல் வருடம் அதே பதிவுக்கு 0.02 வந்திருந்தது. அடுத்த வருடப் பதிப்பில் 0.07. பிறகு 0.15. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. முழு எண் பூஜ்யமாகவே இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆள் இல்லாத ரூம் எப்படிங்க அரை வரைக்கும் வந்துச்சு?”

“இப்ப அதை ஆராய்ச்சி பண்ண நேரமா? ஆறு மணிக்கு நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். எதிர்பார்ப்பை மாத்திடு. பூஜ்யத்தை எடுத்துட்டு ஒண்ணு போடு.”

“காலி ரூம்ல ஒரு ஆள் இருக்கணும்னு எழுதச் சொல்றீங்க.”

“நானூத்திப் பதினோரு டெஸ்ட் பாஸாயிருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு.”

ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. கிடைத்த விடை அதோடு பொருந்தவில்லையென்றால் கோளாறு நிரலில் இருக்கிறது; நிரலைத்தான் திருத்த வேண்டும். எதிர்பார்ப்பைத் திருத்துவது, தப்பாக எழுதிய பிள்ளைக்காக விடைப்புத்தகத்தை அடித்து எழுதுவது மாதிரி. கல்யாணமான புதிதில் அப்படிச் செய்கிற ஆட்களைப் பற்றி இருவரும் ஒரே தலையணையில் தலை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை வருவதாகக் குழந்தையிடம் சொல்லியிருந்தீர்களே என்று கேட்டாள். அந்தப் பக்கம் பெருமூச்சு.

“எதிர்பார்க்க வேண்டாம்னு சொல்லிடு.”

“அவளையா, என்னையா?”

சரியாகக் கேட்கவில்லை என்றான். பிறகு உண்மையாகவே கேட்காமல் போயிற்று.

எதிர்பார்ப்பை மாற்றுவது அவளுக்கு என்ன புதுசா? வாரம் ஒருமுறை வருவான் என்று இருந்ததை மாதம் ஒருமுறை என்று மாற்றினாள். சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று இருந்ததை நீ பார்த்துக்கொள்வாய் என்று மாற்றினாள். குழந்தைக்கு இளைப்பு வந்தால் போன் எடுப்பான் என்று இருந்ததையும் மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் எல்லாம் பச்சையாகிவிட்டது. வீட்டில் சண்டையே இல்லை என்று மாமியார் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

பூஜ்யத்தை அழித்தாள். ஒன்று என்று அடித்தாள். ஒரு எழுத்துத்தான்.

ஓடவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

புதிய பதிப்புக்கு மூச்செண்ணி தயார் என்று அறிவிப்பு எழுதி வெளியிட்டாள். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று அவனிடமிருந்து வந்தது.

வீட்டில் இருப்பது வெள்ளோட்டப் பெட்டி. அவள் எதை வெளியிட்டாலும் மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் முன்னால் இறக்கிக்கொள்ளும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அதன் விளக்கு மூன்று முறை சிமிட்டியது. பச்சை எழுத்து அணைந்தது. ஒரு சின்னக் கோடு. பிறகு வந்தது.

இரண்டு.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. கரடியையும் சேர்த்துவிட்டது, சில்வண்டு எழுந்தால் ஆடித் தீர்ப்பாள். தட்டை வைத்துவிட்டு அறைக்கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தாள். திரைச்சீலை மூடியிருந்ததால் உள்ளே பகல் பழுப்பாக, தேநீரில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது. மகள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே கரடியின் ஒரு காது. மெல்லிய விசில் வந்தது, போயிற்று, வந்தது. கதவுக்குப் பக்கத்தில் பழைய துணி அலமாரி. அதன் ஒரு கதவு எப்போதுமே சரியாகச் சாத்தாது. கை நுழையும் அளவுக்கு இருட்டு ஒன்று மேலிருந்து கீழ்வரை கோடாக நிற்கும். அதிலிருந்து பாச்சை உருண்டை வாடை வரும். இன்று அந்த வாடை கொஞ்சம் சூடாக இருந்தது. நாள் முழுக்க மூடிக்கிடந்த அறைதானே.

நான் வாசலில் நிற்பதால் இரண்டு, என்று நினைத்துக்கொண்டாள். நியாயமான கணக்கு. மேஜைக்குத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு.

சமையலறைக்குப் போய், கதவைச் சாத்தி, குழாயடியில் நின்று அறுபது வரை எண்ணிவிட்டு வந்தாள். இரண்டு.

கோளாறு இருக்கிறது. அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் மாதிரி ஆட்கள் முதலில் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். பழைய மொழிப் பதிப்பைத் திரும்பப் போட்டு, அதே ‘வெற்று அறை’யை ஓடவிட்டாள். காலையில் அது 0.48 காட்டிய இடம். பழைய பதிப்பு இன்னும் அதையே காட்டினால் குற்றம் புதிய பதிப்பின் மேல். திட்டிவிட்டு நிம்மதியாகத் திருத்தலாம்.

பழைய பதிப்பு 1.00 என்றது.

அதற்கும் முந்தியதைப் போட்டாள். 1.00. ஐந்து வருடம் முந்தியதைத் தேடிப்பிடித்துப் போட்டாள். 1.00. புதியதிலும் மறுபடி போட்டாள். அரையும் இல்லை, அரைக்குப் பக்கமும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் எதுவுமே இல்லாத முழு ஒன்று. காலையிலிருந்து மாறியது எது என்று பார்த்தாள். ஒலிப்பதிவின் அளவு மாறவில்லை. தேதி மாறவில்லை, ஒன்பது வருடத்துக்கு முந்திய அதே தேதி. நிரலில் ஒரு வரி மாறவில்லை. மாறியது அவளுடைய அந்த ஒரு எழுத்து. யாரும் இல்லை என்று இருந்த இடத்தில், இருக்கலாம் என்று அவள் எழுதியது.

ஹெட்ஃபோனை எடுத்தாள். காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்ஃபோன். மழைச் சத்தம் பட்டென்று நின்றது, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது, வீடே நின்றுவிட்டது. பதிவை ஓடவிட்டாள்.

அவளுக்கு மனப்பாடம் அது. முதலில் கதவு சாத்தும் சத்தம். எங்கோ ஒரு வண்டியின் ஹாரன். அறை தனக்குத்தானே போடும் மெல்லிய இரைச்சல். இருபதாவது விநாடியில் மரம் ஒன்று சட்டென்று தெறிக்கும். முப்பத்தொன்றில் அவள் சிரிப்பு. அவ்வளவுதான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

மறுபடி கேட்டாள். சத்தத்தைக் கூட்டினாள்.

மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. இரைச்சலுக்கு அடியில், துணிக்கு அடியில் கை போகிற மாதிரி, ஒன்று ஏறி இறங்கியது. மெதுவாக. மனிதர்கள் விடுவதைவிட மெதுவாக. மைக்குக்குப் பக்கத்திலும் இல்லை. அறையின் ஓரத்தில், மரத்தில் முட்டித் திரும்பிய மாதிரி. அந்த மாடிவீட்டு அறையில், இரும்புக் கட்டிலை விட்டால், மரச்சாமான் ஒன்றுதான் இருந்தது. இந்த அலமாரி. கல்யாணத்துக்கு வாங்கியது. வீடு மாறியபோது கூடவே வந்தது.

நான்காவது தடவை. ஐந்தாவது. முப்பத்தோராவது விநாடியில் கதவுக்கு வெளியே அவள் சிரிக்கும்போது உள்ளே அந்த மூச்சு நின்றது. அவள் சிரித்து முடியும்வரை நின்றது. பிறகு தொடர்ந்தது.

கேட்டிருக்கிறது.

ஆறு. ஏழு. எட்டு. எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடி, இரண்டு காதையும் உள்ளங்கையால் ஹெட்ஃபோனோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கேட்டாள். கடைசியில் கழற்றி மேஜையில் போட்டபோது மழைச் சத்தம் ஓவென்று திரும்பி வந்தது. வெளிச்சம் குறைந்திருந்தது. வேறு சத்தம் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காதைத் தீட்டினாள்.

ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய விசில். வந்தது, போயிற்று, வந்தது.

என் தங்கம், என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியைப் பார்த்தாள்.

ஒன்று.

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. மாறிவிட்டது, அது போதும். புதியதை ஏற்றிக்கொண்ட முதல் சில நிமிடம் பெட்டி உளறியிருக்கும், பிறகு தானே நிதானத்துக்கு வந்திருக்கும். பதிவில் கேட்டதுகூட, பயந்த காது எதை வேண்டுமானாலும் கேட்கும். தன்னையே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள். தேநீர் போட்டாள். இஞ்சி தட்டிப்போட்டு, சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, சமையலறை மேடையில் சாய்ந்து நின்று கடைசி மிடறுவரை குடித்தாள். கழுவாத தட்டையும் கழுவினாள். மழை லேசாக விட்டது. சில்வண்டு எழுந்ததும் கேட்பாள் என்று பாலைச் சின்னத் தீயில் வைத்தாள். இன்றைக்கு நெடுநேரம் தூங்குகிறாள். ராத்திரி தூங்காத தூக்கம்.

பால் சூடாகும்வரை வேலையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். புதிய பதிப்பு வந்துவிட்டது, இனி பிரச்சினை இருக்காது என்று பழைய புகார்களின் கீழ் ஒவ்வொன்றாக எழுதினாள். மூன்று வாரத்துக்கு முந்திய ஒன்றில் கை நின்றது. ‘எண்ணிக்கை தவறு’ என்று தலைப்பு. முதியோர் இல்லத்து நர்ஸ் ஒருத்தி எழுதியது. மொழியின் புதிய பதிப்பு முழுசாக வருமுன்னே, அதன் வெள்ளோட்டத்தை அந்த இல்லத்தில் யாரோ அவசரப்பட்டு ஏற்றிவிட்டிருந்தார்கள். அன்று அவள் முதல் இரண்டு வரி படித்துவிட்டு, வெள்ளோட்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, மைக்கைச் சரிபார்க்கவும் என்று பதில் போட்டு மூடியிருந்தாள். இப்போது முழுசாகப் படித்தாள்.

‘பதினான்காம் நம்பர் அறையில் ஒரே ஒரு தாத்தாதான். போன செவ்வாய்க்கிழமை பெட்டி இரண்டு காட்டியது. தாத்தாவுக்குத் துணை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கேலி செய்தோம். விடியற்காலையில் பார்த்தேன், பழையபடி ஒன்று காட்டியது. சரியாகிவிட்டது என்று நினைத்து நான் உள்ளே போகவில்லை. எட்டு மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். பெட்டி ஏன் அலறவில்லை என்று அவருடைய மகன் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது? இப்போது அறை காலி. பூட்டி வைத்திருக்கிறோம். இன்னும் ஒன்று காட்டுகிறது. தயவுசெய்து பாருங்கள் அக்கா.’

அக்கா என்று எழுதியிருந்தாள். அதையும் அவள் அன்று படிக்கவில்லை.

மேலே, தன் திரையில், தன் கையால் அடித்த வரி இருந்தது. ‘வெற்று அறை’: எதிர்பார்ப்பு ஒன்று.

காலி அறை ஒன்று. காலி அறையில் ஒரு குழந்தை இருந்தால் இரண்டு.

பெட்டியைப் பார்த்தாள்.

ஒன்று.

விசில் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தது. போயிற்று. வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாடை வந்தது. அவள் எழுந்தாள். நாற்காலி விழுந்தது. பெட்டியை எப்போது கையில் எடுத்தாள் என்று தெரியவில்லை. “சில்வண்டு,” என்றாள். “அம்மா வர்றேண்டா.”

கதவைத் தள்ளினாள். பழுப்பு வெளிச்சம் இப்போது சாம்பலாகியிருந்தது. சூடான பாச்சை உருண்டை வாடை. கட்டில். போர்வைக்கு அடியில் சின்னத் தோள். சுவரைப் பார்த்த தலை. போர்வை கலைந்திருந்தது, மத்தியானம் இழுத்துவிட்ட மாதிரி இல்லை. கரடி கீழே, தரையில், கதவை நோக்கி நீண்ட கையோடு கிடந்தது.

கரடி அப்படி விழவில்லை. யாரையோ கூப்பிட வீசியெறிந்த மாதிரி விழுந்திருந்தது.

அந்த நேரத்தில் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றாள். கையிலிருந்த பெட்டி எழுத்தை மாற்றியது. ஒன்று போய், இரண்டு.

அவள் வந்ததால் இரண்டு. நான் ஒன்று. என் மகள் ஒன்று. அது ஒன்று. மூன்று வர வேண்டும். மூன்று வர வேண்டும். பெட்டியைக் குலுக்கினாள். இரண்டு. இன்னும் கொஞ்சம் பொறு, எண்ணி முடிக்கட்டும். பெட்டிக்குப் பத்து விநாடி வேண்டும். அவளுக்குத் தெரியாதா? அவள் எழுதியது.

பத்து விநாடி.

இரண்டு.

விசில் கேட்டது. அவள் மகளுடைய விசில்தான். ஏழு வருடமாகக் கேட்ட விசில். மெல்லிசு, நுனியில் லேசாக உடையும். கேட்கிறதே. கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது.

எந்தப் பக்கமிருந்து என்று தெரிய வேண்டும். அவள் மூச்சை அடக்கினாள். வலது கையைக் கட்டிலை நோக்கி நீட்டினாள். சின்ன மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. அதற்கு மேல் போகவில்லை. விரலில் எதுவும் படவில்லை. சூடும் படவில்லை.

இடது கையில் பெட்டி. பச்சை எழுத்து ஒருமுறை சிமிட்டியது.

ஒன்று.

பெட்டி அலறவில்லை. அவளுக்குப் பின்னால், சாத்தாத அலமாரிக் கதவின் இருட்டிலிருந்து, நுனியில் லேசாக உடைந்து, விசில் வந்தது. போயிற்று. வந்தது.